நடந்து முடிந்ததற்கு அனுமதி

மார்ச் 3, திங்கள்

அறுபத்தொன்று.

இன்று காலை ஒன்பதாம் மாடியில் எண்ணிய நாற்காலிகள் அவ்வளவுதான். போன வருடம் எண்பத்தெட்டு. கட்டம் போட்ட தாளும் பென்சிலுமாக நான் முதன்முதலில் வந்து நின்றபோது இருநூற்றுப் பதினான்கு. இது பதினோராவது வருடம். மார்ச் முதல் வாரம் வந்தால் இதுதான் என் பிழைப்பு: ஒரு பெயிண்ட் நிறுவனத்தின் தலைமையகத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று படம் வரைவேன், யார் யாரைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள் என்று குடைந்து குடைந்து விசாரிப்பேன். முப்பத்தொரு நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தலைமையகம் என்று ஒன்று இனி எதற்கு? இந்த ஒரு கேள்வியில்தான் என் வயது போயிருக்கிறது. உத்தரவு போடும் இடம் என்று முதல் கட்டுரையில் எழுதினேன். பிறகு, கிளைகளுக்கு நடுவே பஞ்சாயத்து செய்யும் இடம் என்று எழுதினேன். இப்போது எழுதும் புத்தகத்தில், வெறும் கையெழுத்துப் போடும் இடம். மகள் கேட்கிறாள்: "நாற்காலி எண்றதுக்கு ஒரு டாக்டர் பட்டமாம்மா?"

ஜன்னலோரம் மூன்றாவது மேசை. அங்கே இருக்கும் பெண்மணி என் குறிப்புகளில் 'மூன்றாம் மேசை'தான். பெயரை எங்கேயும் எழுதுவதில்லை, இந்த டைரியிலும். அது நான் கொடுத்த வாக்கு. வெளிநாட்டுக் கிளை எதைக் கட்டினாலும், எதை வாங்கினாலும், அந்தக் காகிதம் இவர் பிரிவுக்கு வந்து கையெழுத்தாக வேண்டும். பதினான்கு பேர் இருந்த பிரிவு. இப்போது நால்வர். அவர் மேசை மேல் ஒரு தொட்டிச் செடி உண்டு, அதையும் ஒவ்வொரு வருடமும் படத்தில் வரைந்துவிடுகிறேன். வேண்டாத வேலை. வரையாவிட்டால் கை அரிக்கிறது.

ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். மூன்றாவது வரி: 'நீங்கள் சொல்வது எங்கும் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்படாது.' கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ இன்றுதான் முதல் முறை பார்ப்பவர் போல, முழுவதும் படித்தார். பிறகு வருடா வருடம் சொல்லும் அதே கிண்டல்: "கேள்வி மேடம், நடக்கறதுக்கு முன்னாடி நான் அனுமதி குடுக்கற ஒரே காகிதம் இதுதான்."

மார்ச் 5, புதன்

மூன்றாம் மேசையுடன் இரண்டு மணி நேரம். காபி எந்திரத்தை எடுத்துவிட்டார்களாம், இனி நான்காம் மாடிக்கு நடக்க வேண்டும். "ஆளைக் குறைச்சாங்க, சரி. காபியைக் குறைச்சா எப்படி மேடம்?" என்கிறார். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. இதே நாற்காலியிலிருந்து எழுந்து, செடியைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடுவாராம். இருபத்தெட்டு வருடம் ஒரே ஜன்னல்.

பேட்டியின் நடுவே ஒரு போன் பேசினார். எங்கோ ஒரு நாட்டுக் கிடங்குக்காரரிடம், கூரை ஒழுகுகிறதா, எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆனது. நான் பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வாரம் முடிந்தது. லிப்டில் தூதரைப் பார்த்தேன். துறையில் சக பேராசிரியர், இந்த ஆய்வில் என் கூட்டாளி; தூதர் என்பது பட்டப்பெயர். பதினோராம் மாடியிலிருந்து, நிறுவனத்தின் திட்டப் பிரிவுத் தலைவரோடு இறங்கி வருகிறார். மதியச் சாப்பாடாம். என்னிடம் சொல்லவே இல்லையே.

மறந்திருப்பார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆறாம் அத்தியாயம் வாய்த்துவிட்டது. முதல் வரியே மூன்றாம் மேசையின் வாக்கியம்: "இந்த மாடியில எங்க வேலை ஏற்கெனவே நடந்ததுக்கு அனுமதி குடுக்கறதுதான்." ஏழு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் சொன்னது. எத்தனை கருத்தரங்கில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கூட்டம் சிரித்துவிட்டு உடனே எழுதிக்கொள்ளும். புத்தகம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. அக்டோபரில் அச்சு. புத்தகம் வந்தால் பேராசிரியர் பதவி, இல்லாவிட்டால் இன்னும் நான்கு வருடம் இணைப் பேராசிரியர் என்ற வாலோடு திரிய வேண்டியதுதான்.

இவர், என் வீட்டுக்காரர், சமையலறையிலிருந்து கேட்டார், "எத்தனாவது தடவை அந்த ஒரு வரியைச் சத்தமா படிக்கற?" மாட்டு வைத்தியருக்கு வாக்கியத்தின் அருமை என்ன தெரியும்.

மே 20, செவ்வாய்

ஆறாம் அத்தியாயம் முடிந்தது. எங்கள் பொதுக் கோப்பில் போட்டுவிட்டேன். தூதர் படித்துப் பார்க்க வேண்டும். பதினோரு வருட வரைபடங்களும் நகலெடுத்து அதிலேயே இருக்கின்றன. நிம்மதி.

ஜூன் 10, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நான்கரை மணிக்கு ஒரு போன். மூன்றாம் மேசை. பதினோரு வருடத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் நான்தான் கூப்பிடுவேன். குரலே வேறு மாதிரி இருந்தது.

"மேடம், நேத்து மாடியில எல்லாரையும் கூட்டினாங்க. திரையில ஒரு படம் போட்டாங்க. 'இந்த மாடியில எங்க வேலை ஏற்கெனவே நடந்ததுக்கு அனுமதி குடுக்கறதுதான்'னு. பெரிய எழுத்துல. கீழே, தலைமையக ஊழியர் ஒருவர்னு போட்டிருந்தது."

பழக்கத்தில் பேனாவை எடுத்தேன்.

"இதை நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொன்னதில்ல."

அடுத்த படம் ஒன்பதாம் மாடியின் வரைபடமாம். அவர்கள் பிரிவுக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்ததாம். செப்டம்பர் முப்பதோடு பிரிவை மூடுகிறார்கள். நால்வரும் வெளியே.

"அந்தப் படத்துல என் செடி இருந்தது மேடம். மேசை மூலையில, சின்னதா, இலையோட. மாடி மொத்தமும் திரும்பி என்னைப் பாத்துச்சு."

செடியை நான்தான் வரைந்தேன். அதை வேறு யார் வரைவார்கள்? என்னைத் தவிர எங்கள் பொதுக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது.

"விசாரிக்கிறேன் அக்கா" என்றேன். அவரை அக்கா என்று அழைத்தது இதுதான் முதல் முறை. அவர் போனை வைத்துவிட்டார்.

ஜூன் 11, புதன்

தூதர் என்ற பெயரை வைத்தவளே நான்தான். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாசல் காவலாளியோடு பேசிப் பேசி எங்களை உள்ளே கொண்டுபோய்விடுவார். இந்தப் பெயிண்ட் நிறுவனத்தின் கதவையும் அவர்தான் திறந்தார். இருபது வருடம். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இவருக்கும் முன்னால் வந்து நின்றது தூதர்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவர் அறைக்குள் போனேன். அறை சுத்தமாக இருந்தது. மேசை மேல் புதுக் கணினி, நிறுவனத்தின் சின்னம் ஒட்டியது. நான் எதையும் கேட்பதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு, உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

ஜனவரியிலிருந்து அவர்களுக்கு ஆலோசகராம். ஜனவரி. மார்ச்சில் லிப்டில் பார்த்தபோது ஆலோசகர். என் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "பிரமாதம், ஒரு எழுத்தைத் தொடாதே" என்று பதில் போட்டபோது ஆலோசகர்.

"அனுப்பினியா?"

"சுருக்கமா ஒரு குறிப்பு கேட்டாங்க. உன் அத்தியாயமும் படங்களும் அனுப்பினேன். பேரே இல்லையே அதுல."

"செடி இருக்கு."

"என்ன செடி?"

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு தரம் கூட அந்தப் படங்களை உற்றுப் பார்த்ததில்லை.

"அக்டோபர்ல புத்தகம் வந்தா எல்லாரும்தானே படிக்கப் போறாங்க. நாலு மாசம் முன்னாடி அவங்க படிச்சிட்டாங்க. இதுல என்ன குடி முழுகிப் போச்சு?" என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஆய்வுத் தகவலை நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ள என் இசைவாம். என் பெயர் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது. "ஒரு கையெழுத்துப் போட்டுடு, எல்லாம் முறைப்படி ஆயிடும். தேதி மட்டும் மே இருபதுன்னு போடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக. அழுகைக்குப் பதிலாக அதுதான் வந்தது. தாளை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மூன்றாம் மேசையைக் கூப்பிட்டு, அனுப்பியது யார் என்று சொன்னேன். இனிமேல் இந்த டைரியில் 'அவர்' கிடையாது. அவன்.

ஜூன் 16, திங்கள்

ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். ஏழு பக்கம். எழுதும்போது இருந்த வேகத்தில் எழுபது பக்கம் கூட எழுதியிருப்பேன். நம்பிக்கைத் துரோகம் என்று மூன்று இடத்தில் எழுதி, இரண்டில் அடித்தேன். குழுத்தலைவர் ஒரு தாவரவியல் பேராசிரியர், எதற்கும் அசையாத அம்மா. முழுவதும் படித்துவிட்டு, "அந்த வாக்கியத்தை அவங்க சொன்ன மூலக் குறிப்பு இருக்கா? நோட்டு?" என்று கேட்டார்.

"எல்லா வருஷ நோட்டும் இருக்கு."

"அதையும் இணைச்சுடுங்க. இருபத்தேழாம் தேதிக்குள்ள."

இரவு இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியிலேயே சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் வீட்டு நாய்க்கு நான்தான் ஊசி போடறேன். அடுத்த மாசம் தவணை இருக்கு. என்ன பண்றது?" என்றார். அந்த நாய் என்ன பாவம் பண்ணியது. போடுங்கள் என்றேன்.

ஜூன் 21, சனி

இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டு. நாலாம் வருட நோட்டு, நீல அட்டை. பக்கம் முப்பத்தெட்டு. என் கையெழுத்துதான், அவசரத்தில் எழுதியது, மழையில் ஒரு மூலை ஊறிப்போயிருக்கிறது. அப்படியே பார்த்து எழுதுகிறேன், ஒரு எழுத்து விடாமல்:

"இந்த மாடியில எங்க வேலை ஏற்கெனவே நடந்ததுக்கு அனுமதி குடுக்கறதுதான். ஆனா கையெழுத்துக்கு முன்னாடி நான் அங்க ஒரு போன் போடுவேன். பெரிய ஆளுங்களுக்கு இல்ல, கிடங்குல நிக்கறவங்களுக்கு. போன வருஷம் ஒரு புதுக் கிடங்கு, எல்லாம் கட்டியாச்சு, சரக்கு ஏத்தப் போறாங்க. தீயணைக்கற குழாய்ல தண்ணி வருதான்னு கேட்டேன். குழாய் இருக்கு, தண்ணி இல்லைன்னார் அந்தக் கிடங்குக்காரர். காகிதத்தை நிறுத்தி வச்சுட்டேன். இப்படி மூணு தடவை. இது எந்தக் கோப்புலயும் இருக்காது மேடம்."

முதல் வாக்கியத்தைச் சுற்றி ஒரு வட்டம். என் வட்டம். 'ஆனா' என்ற இடத்திலிருந்து ஓரத்தில் ஒரு கோடு, கோட்டின் பக்கத்தில் பென்சிலில் என் குறிப்பு: 'இது வேறு அத்தியாயத்துக்கு.'

வேறு அத்தியாயம் எங்கே? எட்டு அத்தியாயம் எழுதிவிட்டேன். எதிலும் இல்லை. எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஏழு வருடமாகக் கருத்தரங்கு கருத்தரங்காகக் கொண்டுபோய் முதல் பாதியைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டாம் பாதி எனக்கு நினைவிலேயே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மறைத்தேன் என்றால் கூட ஒரு மரியாதை இருக்கும். மறந்தே போய்விட்டேன்.

திரையில் போட்டது நோட்டில் இருக்கும் வாக்கியம் இல்லை. என் அத்தியாயத்தில் இருக்கும் வாக்கியம். அவன் ஒரு எழுத்தைக் கூடத் தொடவில்லை. தொடாதே என்று எனக்கும் சொன்னான்.

ஜூன் 22, ஞாயிறு

அக்டோபரில் வந்திருக்கும். அவன் இல்லாவிட்டாலும் அக்டோபரில் நானே அச்சடித்து, அட்டை போட்டு, அவர்கள் கையில் கொடுத்திருப்பேன்.

ஜூன் 26, வியாழன்

நாளை கடைசி நாள்.

இரண்டு வழி இருக்கிறது. முப்பத்தெட்டாம் பக்கத்தை விட்டுவிட்டு அத்தியாயத்தை மட்டும் இணைப்பது ஒன்று. நோட்டு மழையில் நனைந்துபோய்விட்டது என்றால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவன் மாட்டுவான், நான் பாதிக்கப்பட்டவளாக வெளியே வருவேன், புத்தகமும் வரும். துறையில் இப்போதே எல்லாரும் என்னைப் பார்த்து 'ச்சு' கொட்டுகிறார்கள். அந்த அனுதாபம் நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

இன்னொன்று, பக்கத்தை இணைப்பது. இணைத்தால் முதலில் கேட்கப்போகும் கேள்வி என்னைப் பற்றித்தான்.

அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது மதியம். "புகார் கொடுத்திருக்கியாமே. அந்த வரியை நான் எழுதலை. நீ எழுதினது. யோசிச்சுக்கோ." அவனுக்கு நோட்டைப் பற்றித் தெரியாது. குருட்டு அம்புதான். ஆனால் பட்டது.

இவரிடம் சொன்னேன். நீண்ட நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு தடவை ஒரு பசுவுக்கு மருந்தை மாத்திப் போட்டுட்டேன். அந்த வீட்டம்மாகிட்ட சொல்றதுக்கு மூணு நாள் எடுத்துக்கிட்டேன். அந்த மூணு நாளைத்தான் அந்தம்மா மன்னிக்கவே இல்ல" என்றார். இதை எனக்கு இதுவரை சொன்னதே இல்லை.

ஐந்து நாள் ஆகிவிட்டது எனக்கு.

ஜூன் 27, வெள்ளி

இணைத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் காபிக் கடை. மூன்றாம் மேசை முன்னாலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்கு வெளியே அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கைப்பை மடியில், பேருந்தில் உட்காருவது போல.

நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். தொடவில்லை.

"நீங்க படிங்க மேடம். உங்க குரல்லயே கேக்கறேன்."

படித்தேன். தண்ணீர் இல்லாத குழாய் வரை, 'எந்தக் கோப்புலயும் இருக்காது மேடம்' வரை படித்தேன். பக்கத்து மேசையில் இருவர் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது.

"ஞாபகம் இருக்கு. அன்னிக்கு நீங்க குடை கொண்டு வரலை. என் குடையைத்தான் கொண்டு போனீங்க. இதுல எவ்வளவு வெட்டினீங்க?"

காட்டினேன்.

"ஏன்?"

பதினோரு வருடமாக நான் இவரிடம் கேட்டதெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான். இன்று அது என் பக்கம் திரும்பி வந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். "முதல் பாதி என் வாதத்துக்குப் பொருந்திச்சு. மீதி பொருந்தலை."

கைப்பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார். "அந்த ஆளு என்னை வித்துட்டார்னு மூணு வாரமா திட்டிட்டு இருந்தேன். நீங்க நறுக்கி வச்சதைத்தான் எடுத்துக்கிட்டுப் போயிருக்கார்" என்றார்.

"தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க அக்கா."

"அதெல்லாம் அப்புறம். பதினெட்டாம் தேதி மேல்முறையீடு வச்சிருக்காங்க. எங்க வேலை என்னன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. நிரூபிக்க என்கிட்ட என்ன இருக்கு? போன்ல பேசினதுக்குக் காகிதமா இருக்கு? ஊர் உலகத்துல அது எழுதி இருக்கறது உங்க நோட்டுல மட்டும்தான்."

அங்கேயே கடிதம் எழுதினேன். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இவர் இப்படிச் சொன்னார், இரண்டாம் பாதியை வெட்டியவள் நான், வெட்டிய வாக்கியத்தை வைத்து இவர் வேலையை எடை போடக் கூடாது. 'மூன்றாம் மேசை' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு விரலை வைத்துத் தடுத்தார்.

"என் பேரைப் போடுங்க. மேசை போய் யாரும் மேல்முறையீடு பண்ண மாட்டாங்க."

போட்டேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவர் பெயரை எழுதினேன். எழுத்துகள் எனக்கே புதிதாக இருந்தன, ஒரு இடத்தில் பிழை விட்டு அவர் திருத்தினார். இங்கே மட்டும் எழுதவில்லை. அந்த வாக்கு இன்னும் இருக்கிறது, அதையாவது காப்பாற்றிக்கொள்கிறேன்.

காபிக்கு அவரவர் கொடுத்தோம்.

ஜூலை 18, வெள்ளி

மேல்முறையீட்டுக்கு என்னை உள்ளே விடவில்லை. கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி பன்னிரண்டு, பழக்கதோஷம்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கடிதத்தைப் படித்தார்களாம். தண்ணீர் இல்லாத குழாயைப் பற்றி இரண்டு கேள்வி கூடக் கேட்டார்களாம். ஒருவர் தலையைக் கூட ஆட்டினாராம். பிறகு, இயக்குநர் குழு மே இருபத்தொன்பதாம் தேதியே முடிவெடுத்துவிட்டது, இன்றைய கூட்டம் பதிவுக்காக மட்டும்தான் என்று சொல்லி, ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம்.

"என்ன செஞ்சீங்க?"

"இருபத்தெட்டு வருஷம் செஞ்ச வேலைதானே மேடம். போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நெறிமுறைக் குழுவின் முடிவு. அவன் ஜூலை கடைசியிலேயே ராஜினாமா கொடுத்துவிட்டு அந்த நிறுவனத்துக்கே போய்விட்டானாம், பதினோராம் மாடியில் அறை. இங்கே இல்லாதவனை விசாரிக்கக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. புகார் முடித்துவைக்கப்படுகிறது.

மீதி இருப்பவள் நான். மேற்கோளைச் சிதைத்ததற்கு இரண்டு வருடம் களப்பணிக்குத் தடை. பதவி உயர்வுக் கோப்பு அதுவரை நிறுத்திவைப்பு. தாவரவியல் அம்மா கடிதத்தைக் கையில் கொடுத்தபோது, "நீங்களே கொண்டுவந்து குடுத்தீங்கன்னு எழுதியிருக்கேன்" என்றார். ஆறுதலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

துறையில் யாரும் இப்போது 'ச்சு' கொட்டுவதில்லை.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே. இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. இருபது வருடம், ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன், கடைசியில் ஒரு தாளை நீட்டி மே இருபது என்று போடச் சொன்னான். என் தப்பு என்னுடையது, அதை நான் சுமக்கிறேன். அதற்காக அவன் தப்பு சின்னதாகிவிடுமா? ஆகாது. இரண்டும் இரண்டு தப்பு. எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆறு மணிக்கு மூன்றாம் மேசையிடமிருந்து ஒரு புகைப்படம். செய்தி ஒன்றும் இல்லை. பேருந்து இருக்கை, பக்கத்து இருக்கையில் தொட்டிச் செடி.

அக்டோபர் 8, புதன்

பதிப்பாசிரியரிடம் ஆறாம் அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது இல்லாமல் புத்தகம் நிற்காது என்றார். தெரியும் என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

புதிய ஆறாம் அத்தியாயம், முப்பத்தொரு பக்கம். முதல் வரி இப்போது தண்ணீர் வராத குழாய். தலைமையகம் வெறும் கையெழுத்துப் போடும் இடம் என்ற என் வாதம் இதில் பாதி உடைந்துவிட்டது. கோப்பில் வராத ஒரு போன்தான் அந்த மாடியின் உண்மையான வேலையோ என்று கேட்கிறேன், பதில் எனக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. பதினோரு வருடம் நாற்காலியை எண்ணியவள் போனை எண்ணவில்லை.

பதிப்பாசிரியருக்கு அனுப்பவில்லை. முதல் பிரதியை மூன்றாம் மேசையின் வீட்டு முகவரிக்கு அனுப்பினேன். மேலே ஒப்புதல் படிவம். அந்த மூன்றாவது வரியை என்னால் திரும்ப அச்சிட முடியவில்லை. அங்கே வெற்றிடம் விட்டு, 'இந்த வரியை நீங்களே எழுதுங்கள்' என்று மட்டும் எழுதினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பதில் இல்லை. பதிப்பாசிரியர் இரண்டாவது தடவையாகக் கேட்டுவிட்டார். அவங்க படிக்காமல் வராது என்றேன். "எவ்வளவு நாள்?" என்றார். அவங்களைத்தான் கேக்கணும் என்றேன்.

மார்ச் 2, திங்கள்

பன்னிரண்டாவது வருடம். போக இடம் இல்லை. காலையில் பென்சிலைச் சீவி வைத்துவிட்டு, எதற்குச் சீவினேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் மாடியை ஏதோ காப்பீட்டுக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்களாம், துறையில் யாரோ சொன்னார்கள்.

பதினொரு மணிக்குத் தபால். தடித்த உறை. முப்பத்தொரு பக்கமும் திரும்பி வந்திருக்கிறது. பென்சிலில், சின்னச் சின்ன எழுத்தில், ஓரமெல்லாம் குறிப்பு. கிடங்கு இருந்த நாட்டை மாற்றி எழுதியிருக்கிறேனாம். போன் போட்டுக் காகிதத்தை நிறுத்தியது மூன்று தடவை இல்லை, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு, ஆக ஐந்து, நான் கேட்கவே இல்லையாம். கூரை ஒழுகிய கிடங்கும் அதில் ஒன்றாம், "நீங்க பேனாவை மூடி வச்சிருந்தீங்க, பாத்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லை. மூன்றாவது வரி வெற்றிடமாகவே இருக்கிறது. அதன் மேல் ஒரு சீட்டைக் குத்தியிருக்கிறார்:

"கேள்வி மேடம், பதினாலாம் பக்கம் வரைக்கும் சரி. பதினஞ்சு தப்பு. பதினாறு பாதிதான் சரி. திருத்தி அனுப்புங்க. மறுபடி படிச்சிட்டு, அப்புறம் சொல்றேன்."

மன்னித்தேன் என்று எங்கேயும் இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

மதியம் பதிப்பாசிரியரைக் கூப்பிட்டு, இன்னும் நாளாகும் என்று சொல்லிவிட்டு, சீவி வைத்த பென்சிலை எடுத்துக்கொண்டு பதினைந்தாம் பக்கத்தில் உட்கார்ந்தேன்.